நாலு பத்துக்கு இறங்கும் காற்று

இனி வரப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. ஊர் நடுவே, நாலு தெருவும் கூடுகிற இடத்தில் நிற்கிற மணிக்கூண்டின் மேல் ஆணை. கடவுள் மேல் ஆணையிடலாம், பெற்ற பிள்ளைகள் மேல் ஆணையிடலாம். ஆனால் கடவுள் மன்னித்துவிடுவார், பிள்ளைகள் நம்பமாட்டார்கள். மணிக்கூண்டு அப்படியில்லை. யார் தயவுக்காகவும் அது ஒரு நிமிடம் முன்னே போனதில்லை, ஒரு நிமிடம் பின்னே வந்ததில்லை. அந்த மணிக்கூண்டு நாலு பத்து காட்டிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, ஊரிலிருந்த அத்தனை சக்கரங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் காற்று இறங்கியது. நகரசபை ஆள் விட்டு எண்ணியதில் சைக்கிள் சக்கரங்கள் மட்டும் ஆயிரத்து இருநூற்று ஏழு. ஒற்றைப்படை எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்காக: சர்க்கஸில் ஒற்றைச் சக்கர வண்டி ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் அப்போது ஊரில் குடியிருந்தார். இது போக இருபத்திரண்டு லாரிகள், பேக்கரி வேன், தீயணைப்பு வண்டி, ஆஸ்பத்திரியின் இரண்டு சக்கர நாற்காலிகள், பள்ளிக்கூடத்துக் கால்பந்து. கால்பந்தைச் சக்கரக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உறுப்பினர் ஒருவர் ஆட்சேபித்தது கூட்டக் குறிப்பில் இருக்கிறது.

முதல் நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரவர் தம் வண்டி மட்டும்தான் பஞ்சர் என்று நினைத்துக் குனிந்து பார்த்தார்கள். நிமிர்ந்தபோதுதான் ஊரே குனிந்திருப்பது தெரிந்தது. இத்தனை சக்கரம் ஒரேயடியாக மூச்சை விட்டால் வெடிச்சத்தம் போலக் கேட்டிருக்குமே என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. ‘உஸ்ஸ்’ என்று மெதுவாகத் தொடங்கி, நடுவில் கொஞ்சம் தேங்கி, கடைசியில் ‘ப்பா’ என்று முடிந்தது. நாளெல்லாம் நடந்து அலுத்த ஒருவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்காரும்போது விடுகிற மூச்சு. டியூபைக் கழற்றித் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் ஒரு குமிழிகூட வரவில்லை. ஓட்டையே இல்லை. காற்று போய்விட்டிருந்தது, அவ்வளவுதான். மறுபடி அடித்தால் நின்றது, மறுநாள் நாலு பத்து வரைக்கும்.

ஒரு மாதம் ஊர் புலம்பியது. பிறகு சமாளிக்கத் தொடங்கியது. பால்காரர் டயருக்குள் டியூபுக்குப் பதிலாக வைக்கோலைத் திணித்து ஓட்டினார். வண்டி போட்ட குதியாட்டத்தில் வீடு வந்து சேர்வதற்குள் பால் வெண்ணெயாகத் திரண்டுவிட, வெண்ணெய்க்காரர் என்றே பெயர் மாறிப்போனார். தபால்காரர் முகவரி சரியில்லாத கடிதங்களை உருட்டித் திணித்துக்கொண்டார். ஒருநாள் வளைவில் டயர் வாய் பிளந்து கடிதங்கள் தெருவில் சிதற, அதில் மூன்று பேர் தங்களுக்கு வந்ததைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். தபால் இலாகாவின் வரலாற்றில் அது நல்ல விகிதம் என்கிறார்கள். பேக்கரிக்காரர் ரொட்டியை மூன்று மணிக்கே அனுப்பினார். தீயணைப்பு வண்டியைச் செங்கல் மேல் தூக்கி நிறுத்திவிட்டு, நாலு பத்துக்குப் பிறகு பற்றும் நெருப்புக்கு வாளியோடு ஓடுவது என்று தீயணைப்புக்காரர்கள் முடிவெடுத்தார்கள். மாலை வேளையில் அடுப்பை மூட்டுவதில் பெண்கள் காட்டிய கவனத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. நகரசபை தன் பங்குக்கு ஒரு தீர்மானம் போட்டது: இன்று முதல் இந்த ஊரில் நாலு ஒன்பதுக்குப் பிறகு நேரே நாலு பதினொன்று, நடுவிலுள்ள நிமிடம் ரத்து. தீர்மானத்தின் நகல் ஒன்றை மணிக்கூண்டின் கதவில் ஒட்டினார்கள். கடிகாரம் ஒத்துழைக்கவில்லை. அந்த வருடங்களில் ஊரில் நன்றாகப் பிழைத்தவர் வாட்ச் ரிப்பேர்க்காரர். ஆளாளுக்குக் கையில் கட்டியிருந்த வாட்ச் மணிக்கூண்டோடு ஒத்துப்போகவில்லை என்று அவரிடம் வரிசையில் நின்றார்கள்.

நன்றாகப் பிழைத்த இன்னொருவர் பஞ்சர்க்காரர் என்று ஊர் நினைத்தது. சந்தேகமும் பட்டது. “எங்கயோ உக்காந்து ஏதோ பண்றான்யா. இல்லேன்னா ஊர் வண்டி பூரா எப்படி இவன் கடையைத் தேடி வரும்?” என்று பேக்கரிக்காரர் சொல்ல, போலீஸ் வந்து கடையையும் பின்னாலிருந்த வீட்டையும் சோதனை போட்டது. வீடு முழுக்கத் தேடியதில் கிடைத்தது ஒரே ஒரு ஆணி. அதில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. காலண்டரில் தேதி கிழிக்கப்படாமல் பின்னால் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால், காற்று இறங்கிய வியாழக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமையோடு அந்த வீட்டில் நாள் கிழிப்பது நின்றுபோனது தெரிந்திருக்கும்.

பஞ்சர்க்காரரின் மனைவி நர்ஸ். தடுப்பூசிப் பெட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவது அவர் வேலை. தெருமுனையில் அவர் மணியடித்தாலே ஊர்க் குழந்தைகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பெரியவர்கள் ‘நர்ஸம்மா’ என்று கும்பிடாத குறையாக வாசலில் நிற்பார்கள். காலையில் போனால் நாலு பத்துக்கு வந்து சேர்வார். பஞ்சர் கடையின் வாசலில் ஒரு மர ஸ்டூல் உண்டு. சைக்கிளைச் சுவரில் சாய்த்து, செருப்பை உதறி, அதில் உட்கார்ந்து, “உஸ்ஸ்... ப்பா” என்பார். அதைக் கேட்ட பிறகுதான் பஞ்சர்க்காரர் கையைத் துடைத்துக்கொண்டு டீ போட எழுந்திருப்பார். “டீ வெச்சீங்களா?” என்று அந்த அம்மாள் கேட்பதும், “வெச்சுட்டே இருக்கேன்” என்று இவர் அப்போதுதான் அடுப்பைப் பற்றவைப்பதும் பதினாலு வருடம் ஒரு நாள் தவறாமல் நடந்தது. ஆகவே, ஊரெல்லாம் குனிந்து சக்கரத்தைப் பார்த்த அந்த வியாழக்கிழமை, பஞ்சர்க்காரர் ஒருவர் மட்டும் நிமிர்ந்து ஸ்டூலைப் பார்த்தார். அதில் யாரும் இல்லை. ஒரு வாரமாகவே இல்லை.

பஞ்சர் ஒட்டுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நெம்புகோலால் டயரைக் கிளப்பி, டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் முக்கினால் குமிழி வருகிற இடம் ஓட்டை. அங்கே உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து, ரப்பர் துண்டை ஒட்டித் தட்டவேண்டியது. இதை யாரும் செய்துவிடலாம். தொழில்காரனையும் மற்றவனையும் பிரிப்பது அதற்கு அடுத்த வேலை. டியூபைத் திரும்ப உள்ளே தள்ளுவதற்கு முன்னால், வெறும் டயருக்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு முழுச் சுற்று தடவிப் பார்க்கவேண்டும். டியூபைக் குத்தியது எதுவோ, அது பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அதை எடுக்காமல் ஒட்டினால் இரண்டு மைல் போவதற்குள் அது மறுபடி குத்தும். பஞ்சர்க்காரர் முப்பது வருடத்தில் தடவிப் பார்க்காமல் ஒட்டிய டயர் ஒன்றே ஒன்று. அது நர்ஸம்மாவின் பின் சக்கரம்.

அன்று காலை கடையில் பேக்கரி வேன் நின்றது, பால் வண்டி நின்றது, இரண்டு சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. நர்ஸம்மா பெட்டியோடு நின்றுகொண்டு, “ஏங்க, ஊருக்கெல்லாம் ஒட்டுறீங்க, என் வண்டி கண்ணுக்குத் தெரியலையா? அங்க பிள்ளைங்க அழுதுட்டு நிக்கும்” என்றார். “நீ போய் ஊசியை எடுத்தப்புறம்தான்டி அழும்” என்று இவர் சிரித்தபடி, மற்ற வேலைக்கு நடுவே அந்த டயரைக் கிளப்பி, ஒட்டி, மாட்டிக் கொடுத்தார். விரல் டயருக்குள் போகிற நேரத்தில் பேக்கரிக்காரர் ஹாரன் அடித்தார். வீட்டு வண்டிதானே, சாயங்காலம் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். நர்ஸம்மா ஏறிப் போனார். சாயங்காலம் திரும்பி வரும்போது ஆற்றுப் பாலத்தின் தொடக்கத்தில் பின் சக்கரம் இறங்கிப்போக, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பாலம் குறுகல். மிதித்து வந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தாண்டியிருப்பார். தள்ளிக்கொண்டு வந்ததால் நடுப்பாலத்தில் இருந்தார். எதிரே மணல் லாரி வந்தது. லாரியின் பக்கப்பலகை சைக்கிளின் கைப்பிடியில் மாட்டியது. அதற்கு மேல் விவரிக்க ஒன்றுமில்லை. தடுப்பூசிப் பெட்டியில் ஒரு குப்பிகூட உடையவில்லை.

விசாரணை மூன்று நாள் நடந்தது. லாரி டிரைவர் எதையும் மறுக்கவில்லை. அந்த அம்மா தள்ளிக்கொண்டு வந்தார்கள், நான் நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை என்று மட்டும் சொன்னார். ஏன் தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்பதைக் கேட்க வேண்டியிருந்ததால் அதிகாரி பஞ்சர்க்காரரைக் கூப்பிட்டு, காலையில் வண்டி சரியாக இருந்ததா என்று கேட்டார். பக்கத்தில் பன்னிரண்டு வயது மகள் இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பஞ்சர்க்காரர், “நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். மோதியதில் டயர் கெட்டது என்று முடிவாயிற்று. டிரைவரின் லைசென்ஸை இரண்டு வருடத்துக்குப் பிடுங்கிக்கொண்டார்கள். சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தார்கள். பஞ்சர்க்காரர் அதைக் கடையின் பின்னறைக்குக் கொண்டுபோய், மேலே ஒரு பழைய தார்ப்பாயைப் போட்டு மூடினார். நாலு பத்துக்கு ஊர்ச் சக்கரங்களெல்லாம் மூச்சு விடும்போது அந்தத் தார்ப்பாயும் ஒருமுறை மேலே எழும்பித் தாழ்ந்தது. காற்றே இல்லாத சக்கரம் அது. எங்கிருந்து எடுத்து விட்டதோ தெரியாது. தினமும் விட்டது.

காற்று இறங்கத் தொடங்கி ஒரு மாதமிருக்கும். கடை வாசலில் நாற்பது சைக்கிள் வரிசையில் நிற்க, பஞ்சர்க்காரர் பம்பைப் பிடித்துக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல், “அண்ணே, பம்பு அடிக்க ஆள் வேணுமா?” என்றது. திரும்பிப் பார்க்காமலே யாரென்று தெரிந்துவிட்டது. டிரைவர் பகலில் கிட்டங்கி ஒன்றில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். லாரி முதலாளிகள் யாரும் அவரைப் படியேற்றவில்லை, தெருவில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். “கூலி எதுவும் வேண்டாம்ணே. சும்மா, சாயங்காலத்துல மட்டும்” என்றார். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வராது என்று பஞ்சர்க்காரருக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார். “வேணும்” என்ற ஒரு வார்த்தை வந்தது. டிரைவர் பம்பை வாங்கிக்கொண்டார். அப்படியே ஒன்பது வருடம் போயிற்று.

ஒன்பது வருடம் என்றால், கிட்டத்தட்ட மூவாயிரத்து முந்நூறு சாயங்காலம். மழையானாலும் காய்ச்சலானாலும் மணிக்கூண்டில் நாலு பத்து காட்டும்போது டிரைவர் பம்போடு தயாராக இருப்பார். லாரி டியூபுக்கும் கைப்பம்புதான். தோள் இரண்டும் கதவு மாதிரி ஆகிவிட்டன. பஞ்சர்க்காரரோ வருகிற வண்டிக்கெல்லாம், வெறும் காற்று கேட்டு வந்த வண்டிக்கும், டயரைக் கிளப்பி உள்ளே விரலை விட்டு ஒன்றுக்கு மூன்று சுற்றாகத் தடவிப் பார்க்கத் தொடங்கினார். வரிசையில் நிற்பவர்களுக்குப் பொறுமை போய்விடும். “என்னண்ணே, டயருக்குள்ள மோதிரத்தையா தொலைச்சீங்க?” என்பார் வெண்ணெய்க்காரர். “அவருக்கென்ன, எங்க பேக்கரியில மாவு பிசைய வரச் சொல்லுங்க, இதைவிட வேகமா தடவலாம்” என்பார் பேக்கரிக்காரர். பஞ்சர்க்காரர் இன்னொரு சுற்று தடவுவார். தடவித் தடவி அந்த விரலின் ரேகை தேய்ந்து மறைந்தது; தோல் செருப்பின் அடிபோலத் தடித்தது; கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டாலும் உறைக்காமல் போயிற்று. ஊரிலுள்ள எல்லா டயரையும் அந்த விரல் பார்த்துவிட்டது, தார்ப்பாய்க்கு அடியில் இருந்த ஒன்றைத் தவிர. டிரைவர் ஸ்டூலில் உட்காரமாட்டார். களைத்துப்போனால் தரையில் உட்காருவார். “ஏம்ப்பா, ஒரு பெஞ்சாவது போடட்டுமா?” என்று இவர் ஒருமுறை கேட்டதற்கு, “எனக்கென்னண்ணே, தரை நல்லாத்தான் இருக்கு” என்றார். பஞ்சர்க்காரர் டீ போடுவதை எப்போதோ விட்டுவிட்டிருந்தார்.

மகளுக்கு டிரைவரைக் கண்டால் ஆகாது. அவர் கடையில் இருக்கிற நேரத்தில் வாசல் வழியாக வரமாட்டாள். சந்துக்குள் புகுந்து பின்கதவைத் தட்டுவாள். பேரையோ உறவையோ வைத்து அவரைக் குறிப்பிட்டதே கிடையாது. “அந்த ஆளு அடிச்ச காத்துல ஓடுற எதுலயும் நான் ஏறமாட்டேன்” என்று பன்னிரண்டு வயதில் சொன்னதை இருபத்தொரு வயது வரைக்கும் காப்பாற்றினாள். ஊரில் காற்றடைத்த எல்லாச் சக்கரமும் ஏதோ ஒரு நாள் அவர் கையால் அடிபட்டதாகத்தான் இருந்தது என்பதால், அவள் எங்கே போனாலும் நடந்தே போனாள். நர்ஸ் படிப்பை முடித்தாள். அம்மா பார்த்த அதே தெருக்களை அவளுக்கு ஒதுக்கினார்கள். வேலை உத்தரவு கைக்கு வந்த அன்றைக்கு அப்பாவிடம் வந்து நின்றாள்.

“அப்பா, அம்மா சைக்கிளை எடுத்துக் குடுங்க. திங்கக்கிழமை டூட்டியில சேரணும்.”

“அது எதுக்கும்மா? புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம்.”

“புதுசெல்லாம் வேணாம். அது நல்லாத்தானே இருந்துச்சு. நீங்கதானே விசாரணையில சொன்னீங்க.”

பஞ்சர்க்காரர் செயின் துருப்பிடித்திருக்கும் என்றார். எண்ணெய் போடலாம் என்றாள். ரிம் கோணியிருக்கும் என்றார். நிமிர்த்தலாம் என்றாள். அந்த அளவு டயர் இப்போதெல்லாம் வருவதில்லை என்றார். “டயரை யார் மாத்தச் சொன்னா? டியூபைப் பாத்துக் காத்தடிச்சாப் போதும். உங்க கையாலயே அடிங்க. உங்களுக்கு முடியாதுன்னா சொல்லுங்க, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடை இருக்கு, நான் அங்க குடுத்துக்கறேன்” என்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரரும் தொழில் தெரிந்தவர்தான். அவரும் விரலை உள்ளே விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஞ்சர்க்காரர் தார்ப்பாயை விலக்கி, சைக்கிளை வெளியே கொண்டுவந்து தலைகீழாக நிறுத்தினார். டிரைவர் அன்று சீக்கிரமே வந்திருந்தார்; சைக்கிளைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தார். “நீ இரு தம்பி” என்றார் இவர். மகள் வாசல்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒன்பது வருடத்தில் மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்றது அப்போதுதான். கைப்பிடி கோணியிருந்தது. பஞ்சர்க்காரர் அதைத் தொடாமல் பின் டயரைக் கிளப்பி, டியூபை உருவி, காற்றடித்துத் தண்ணீரில் முக்கினார். அன்று காலை அவர் போட்ட ஒட்டு அப்படியே இருந்தது. ஓரம்கூடக் கிளம்பவில்லை, நல்ல வேலை. அதற்கு அரை விரல் தள்ளி இன்னொரு இடத்திலிருந்து குமிழி வந்தது. அவர் டியூபைக் கீழே வைத்துவிட்டு, டயருக்குள் விரலை விட்டார். கால் சுற்று போவதற்குள் சுருக்கென்றது. ஒன்பது வருடமாக எதுவும் உறைக்காத விரல். வெளியே எடுத்தபோது நுனியில் ரத்தம் இருந்தது. குறடால் பிடித்து இழுத்தார். ஒரு கம்பித் துண்டு, நகக்கண் அளவு. ஒரு பொட்டுத் துருகூட இல்லாமல், அன்றைக்குக் காலையில்தான் ஏறியது மாதிரி பளபளத்தது. அதை டிரைவரின் உள்ளங்கையில் வைத்தார்.

“அன்னிக்குக் காலையில இதை நான் தடவிப் பாக்கலை தம்பி. அவ தள்ளிட்டு வந்தது இதனாலதான். மிதிச்சு வந்திருந்தா, நீ ஏறுறதுக்கு முன்னாடியே பாலத்தைத் தாண்டியிருப்பா.”

டிரைவர் கையைப் பார்த்தபடியே, “விசாரணையில கேட்டாங்களேண்ணே” என்றார்.

“கேட்டாங்க.”

“நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“ஒன்பது வருஷம் பம்பு அடிச்சேண்ணே.”

“அடிச்ச.”

டிரைவர் கம்பித் துண்டை ஸ்டூலின் மேல் வைத்தார். சட்டித் தண்ணீரில் இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் கழுவினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்து, அதைத் திரும்பத் தோளில் போட மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தார். பஞ்சர்க்காரர் மகளைப் பார்க்கத் துணியாமல் டியூபைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல்படியிலிருந்து அவள் குரல் வந்தது: “ரெண்டாவது ஓட்டையையும் ஒட்டுங்க. நாளைக்கு டூட்டி.” அப்பா என்று சொல்லவில்லை. அவர் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார், சொல்யூஷன் தடவினார், ஊதினார். காய்வதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. டயருக்குள் இன்னொரு முழுச் சுற்று விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு மாட்டினார். தன் கையால் காற்றடித்தார். அன்று நாலு பத்துக்கு ஊர்ச் சக்கரங்கள் எல்லாம் வழக்கம்போல மூச்சு விட்டு உட்கார்ந்தன. நர்ஸம்மாவின் சைக்கிள் மட்டும் நின்றபடியே நின்றது. மகள் குனிந்து பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. கோணிய கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பின்னால் பதினோரு நாள் டிரைவர் வரவில்லை. பஞ்சர்க்காரர் தனியாக அடித்தார். முதல் நாள் முப்பது வண்டிக்கு மேல் முடியவில்லை. மற்றவர்கள் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. டிரைவர் எங்கே என்று வெண்ணெய்க்காரர் கேட்டார். எங்கே என்றால் என்ன சொல்வது? பஞ்சர்க்காரர் நடந்ததைச் சொன்னார். அடுத்த நாள் பேக்கரிக்காரருக்கும் சொன்னார். மூன்றாம் நாள் விசாரணை அதிகாரியைத் தேடிப் போனார். அவர் ஓய்வுபெற்று, காது கேட்காமல், தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவரிடமும் உரக்கச் சொல்லிவிட்டு வந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. கேலி பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. வீட்டில் மகள் சாப்பாடு போட்டாள், தட்டை எடுத்தாள், பேசவில்லை. தினமும் காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள். வரும்போது பின்கதவு வழியாகவே வந்தாள்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு லாரி கடை வாசலில் வந்து நின்றது. எந்த முதலாளி நம்பிக் கொடுத்தார் என்று ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. டிரைவர் மேலே உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை, இஞ்சினையும் நிறுத்தவில்லை. வரிசையில் நின்றவர்கள் தங்கள் சைக்கிள்களை ஓரமாக இழுத்துக்கொண்டார்கள். மணிக்கூண்டில் நாலு பத்து காட்டியது. லாரியின் ஆறு சக்கரங்களும் சேர்ந்து ‘உஸ்ஸ்... ப்பா’ என்று தாழ்ந்தன; டிரைவரும் லாரியோடு சேர்ந்து ஒரு சாண் கீழே இறங்கினார். பிறகுதான் இஞ்சினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தார். பஞ்சர்க்காரர் பம்பைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கையில் சுற்றியிருந்த துணியை டிரைவர் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“ஆறையும் கழட்டுங்கண்ணே” என்றார். “காத்து மட்டும் அடிச்சு அனுப்பிடாதீங்க. ஒவ்வொண்ணுலயும் உள்ள விரலை விட்டுத் தடவிப் பாருங்க. நான் பக்கத்துல நின்னு பாக்கணும்.”

பஞ்சர்க்காரர் ஆறையும் கழற்றினார். ஒவ்வொன்றிலும் முழுச் சுற்று தடவினார். டிரைவர் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒன்றிலும் எதுவும் இல்லை. முடிக்க இருட்டிவிட்டது. கடைசிச் சக்கரம் ஏறியதும் டிரைவர், “நாளைக்கும் வருவேன்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். வந்தார். அதிலிருந்து தினமும் வருகிறார். உதவிக்கு அல்ல; வாடிக்கையாளராக. ஆறு சக்கரத்தையும் தினமும் பஞ்சர்க்காரர்தான் அடிக்கவேண்டும். அவர் அடிக்கிறார். ஒன்பது வருடம் கழிந்தால் போதும் என்று டிரைவர் ஒருமுறை சொன்னதாகவும், சிரித்துக்கொண்டேதான் சொன்னார் என்றும் வெண்ணெய்க்காரர் சொல்கிறார். சிரிக்கவில்லை என்கிறார் பேக்கரிக்காரர்.

காற்று இறங்குவது நிற்கவில்லை. நிற்கும் என்று இப்போது யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. வெளியூரிலிருந்து குடிவருகிறவர்களிடம் வீட்டுக்காரர்கள் வாடகை, தண்ணீர் வருகிற நேரம், நாலு பத்து ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். கைக்குழந்தைகளைத் தூங்கவைக்கத் தாய்மார்கள் அந்த நேரத்துக்குத் தெருப்பக்கம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த மூச்சைக் கேட்டால் எப்பேர்ப்பட்ட அடமும் அடங்கிவிடுமாம். ஊரில் இறங்காத சக்கரம் இரண்டே இரண்டு. அந்த இரண்டும் கோணிய கைப்பிடியின் கீழே ஓடுகின்றன. லாரி வரத் தொடங்கிச் சில மாதம் கழித்து, மழை விட்ட ஒரு நாள், மகள் சந்துக்குள் திரும்பாமல் நேரே கடை வாசலுக்கு வந்தாள். டிரைவர் லாரியை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எதிரே சைக்கிளைச் சுவரில் சாய்த்து, செருப்பை உதறினாள். ஸ்டூலின் மேல் அதுவரை யாரும் தொடாமல் கிடந்த கம்பித் துண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஊரே மூச்சு விட்டது. அதில் அவளுடையது எது, மற்றது எது என்று பஞ்சர்க்காரருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“டீ வெச்சீங்களாப்பா?” என்றாள்.

“வெச்சுட்டே இருக்கேன்” என்று அவர் எழுந்து உள்ளே போய், அடுப்பு எங்கே என்று தேடினார். டம்ளர் மூன்று எடுத்து வைத்தார்.

மணிக்கூண்டைப் பற்றி ஒரு விவரம் சொல்ல விட்டுப்போயிற்று. கூண்டைக் கட்டி முடித்தபோது கடிகாரம் வந்து சேரவில்லை என்பதால், வரும்வரைக்கும் இருக்கட்டும் என்று பெயிண்டர் ஒருவர் மேலே ஏறி நான்கு பக்கமும் ஒரு கடிகாரத்தை வரைந்துவிட்டு, முள்ளை நாலு பத்தில் வைத்து இறங்கினார்; நிஜக் கடிகாரம் இன்றுவரை வரவில்லை.